ஜிபிஎஸ் பதிவுக்கருவியின் கோப்புகளைத் தரவுத்தளத்தில் ஏற்றினால் இடமும் தேதியும் பிசகுகின்றன

பாம்பன் வடகரை எழுதியது:

வணக்கம். என் சித்தப்பாவின் ஃபைபர் வள்ளத்தில், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பழைய ஜிபிஎஸ் பதிவுக்கருவி ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். வழி பார்ப்பதற்குப் படகில் வேறு கருவி உண்டு. இது ஐந்து வினாடிக்கு ஒரு முறை படகு இருக்கும் இடத்தை மெமரி கார்டில் எழுதி வைப்பதோடு சரி. மூன்று ஆண்டுகளில் 210 கோப்புகள் சேர்ந்துள்ளன. டீசல் போட்ட கணக்கும் மீன் விற்ற கணக்கும் சித்தப்பாவின் நோட்டில் தேதி வாரியாக இருக்கின்றன. இரண்டையும் ஒன்று சேர்த்து, எந்தப் பக்கம் போன நாளில் எவ்வளவு டீசல் செலவாயிற்று, எத்தனை மணி நேரம் ஓட்டத்திலேயே போயிற்று என்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கோப்புகள் வெறும் உரைக் கோப்புகள். டாலர் குறியில் தொடங்கும் வரிகளில் காற்புள்ளி இட்டுப் பிரித்த எண்கள் உள்ளன. ஜிஜிஏ என்னும் வரியில் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கையும் இருப்பதால் அதையே இடத்துக்கு எடுத்துக்கொண்டேன். அதில் தேதி இல்லை என்பதால், தேதியும் சேர்ந்து வரும் ஆர்எம்சி என்னும் இன்னொரு வகை வரியில், கோப்பில் முதலில் வருவதன் தேதியை அந்தக் கோப்பு முழுமைக்கும் போட்டேன். எல்லாவற்றையும் எக்செல்லில் திறந்து, தேவையற்ற பத்திகளை நீக்கி, எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஏற்றினேன். அதன்பின் வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது மூன்று பிசகுகள் தெரிந்தன.

முதலாவது, இடம். நாங்கள் வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், தொழில் செய்பவர்கள். ஆனால் வரைபடத்தில் கோடு மன்னார் வளைகுடாவான தென்கடலின் நடுவே தொடங்கி, வடக்கே ஏறி, மண்டபத்தின் தென்கரையில் போய் முட்டி நிற்கிறது. கரையில் நிற்கும்போது கருவி எழுதிய எண்கள் 0917.2500 வடக்கு, 07912.5000 கிழக்கு. இவற்றை 100ஆல் வகுத்து 9.1725, 79.1250 என்று சேமித்தேன். ஒரே அளவில் தள்ளிப்போயிருக்கிறது என்று கருதி, எல்லாப் புள்ளிகளையும் வடகிழக்காக நகர்த்தியும் பார்த்தேன். கரை சரியாகப் பொருந்தியது, ஆனால் வலை விட்ட இடம் ஏழு கிலோமீட்டர் குறைவாக வருகிறது.

இரண்டாவது, தேதி. 2024 ஆகஸ்ட் வரை தேதி ஒழுங்காக இருந்தது. செப்டம்பர் முதல் வந்த கோப்புகள் எல்லாம் 2005 என்கின்றன. எடுத்துக்காட்டாக, 2025 ஜனவரி 16 அன்று கடலுக்குப் போன பயணம் 2005 ஜூன் 2 என்று பதிவாகியிருக்கிறது. இங்கே விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்றும் நாட்டுப்படகுகளுக்கு மற்ற நான்கு நாட்கள் என்றும் முறை இருப்பதால், கிழமையை வைத்துச் சரிபார்க்கலாம் என்று பார்த்தேன். கிழமை ஒன்றுகூடத் தவறவில்லை. எல்லாம் எங்கள் முறை நாட்களிலேயே விழுகின்றன. பிசகிய தேதிக்குக் கிழமை மட்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்பதுதான் என்னைக் குழப்புகிறது.

மூன்றாவது, பிற்பகல் மூன்று மணிக்குப் போய் மறுநாள் காலை ஏழு மணிக்குத் திரும்பும் பயணத்தில், விடிகாலை ஐந்தரைக்குப் பிந்திய புள்ளிகள் மட்டும் முந்தைய நாள் காலைக்குப் போய்விடுகின்றன. நேர வரிசைப்படி அடுக்கினால், படகு புறப்படுவதற்கு முன்பே திரும்பி வந்ததாகக் காட்டுகிறது.

கருவியைத் தூக்கிப் போட்டுவிடலாமா, அல்லது இந்தத் தரவை மீட்க வழி இருக்கிறதா?


கீழக்கரை நிரலர் எழுதியது:

தம்பி, கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். இடத்தைப் பொறுத்தவரை அது ஒரு தவறும் செய்யவில்லை. தவறு 100ஆல் வகுத்ததில் இருக்கிறது. அந்தக் கோப்பு என்எம்இஏ என்னும் வடிவில் எழுதப்பட்டது. அதில் 0917.2500 என்றால் 9 டிகிரி, 17.25 நிமிடம் என்று பொருள். நிமிடத்தை 60ஆல் வகுத்து டிகிரியோடு கூட்ட வேண்டும்: 17.25ஐ 60ஆல் வகுத்தால் 0.2875, ஆகவே 9.2875. அதேபோல 79 டிகிரி 12.5 நிமிடம் என்பது 79.2083. நீங்கள் சேமித்த எண்ணுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ பதினைந்தரை கிலோமீட்டர், தென்மேற்குப் பக்கம். அதனால்தான் உங்கள் வடகடல் வள்ளம் தென்கடலில் நிற்கிறது.

எல்லாவற்றையும் ஒரே அளவு நகர்த்தியது ஏன் பலிக்கவில்லை என்றால், இந்தப் பிழை இடத்தை நகர்த்துவதோடு நிற்காமல் பாதையைச் சுருக்கியும் விடுகிறது. அறுபது நிமிடம் கொண்ட ஒரு டிகிரியை நூறு பங்கு கொண்டதாக வாசித்தால், பாதையின் வடிவம் அப்படியே இருக்க, நீளம் ஐந்தில் மூன்று பங்காகிவிடும். நீங்கள் 17ஆம் நிமிடத்திலிருந்து 27ஆம் நிமிடம் வரை வடக்கே போயிருந்தால், அது பத்து கடல் மைல், அதாவது பதினெட்டரை கிலோமீட்டர்; உங்கள் வரைபடத்திலோ அது பதினொரு கிலோமீட்டராகத்தான் தெரியும். வடிவம் சரியாக இருப்பதால் பலருக்கும் இந்தச் சந்தேகம் வருவதே இல்லை. நான் முதன்முதலில் இதில் மாட்டியது பைக்கில் போன ஒரு பயணத்தில். கீழக்கரையிலிருந்து மண்டபத்துக்குப் போன பாதையில், 79 டிகிரிக் கோட்டைத் தாண்டும் இடத்தில் நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் ஒரே தாவலாக வண்டி பறந்திருந்தது. 78 டிகிரி 59.99 நிமிடத்துக்கு அடுத்தது 79 டிகிரி 0 நிமிடம். தவறாக வாசித்தால் 78.60க்கு அடுத்தது 79.00. உங்கள் பயணங்கள் எந்த முழு டிகிரிக் கோட்டையும் தாண்டாததால் அந்தத் தாவல் உங்களுக்குத் தெரியவில்லை.

தேதிச் சிக்கலுக்கு வருகிறேன். ஜிபிஎஸ் காலக்கணக்கு 1980 ஜனவரி 6 அன்று தொடங்கியது. செயற்கைக்கோள்கள் அன்றிலிருந்து எத்தனையாவது வாரம் என்பதைப் பத்து பிட்டு அளவில் அனுப்புகின்றன. பத்து பிட்டுக்குள் 0 முதல் 1023 வரைதான் அடங்கும். அதன்பின் வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் சுழன்று சுழியத்துக்கு வருவதைப்போல வார எண்ணும் சுழியத்துக்கு வந்துவிடும். அவ்வாறு 1999 ஆகஸ்டில் ஒரு முறையும் 2019 ஏப்ரலில் ஒரு முறையும் சுழன்றது. அடுத்தது 2038 நவம்பரில். இப்போது நடப்பது எத்தனையாவது சுற்று என்பதைக் கருவியே ஊகித்துக்கொள்ள வேண்டும். பல கருவிகள் தம் உள்மென்பொருள் எழுதப்பட்ட காலத்தை அடிப்படையாக வைத்து அதை ஊகிக்கின்றன. ஆகவே அவற்றில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நாளில், அந்த அடிப்படையிலிருந்து 1024 வாரம் கடந்ததும், பின்னோக்கித் தாவுகிறது. உங்களுடையது 2024 ஆகஸ்டின் பிற்பகுதியில் தாவியிருக்கிறது.

தாவலின் அளவு சரியாக 1024 வாரம், அதாவது 7168 நாள். 2005 ஜூன் 2 உடன் 7168 நாளைக் கூட்டினால் 2025 ஜனவரி 16 வரும். நீங்கள் சொன்ன தேதியேதான். தாவியது முழு வாரங்களாகவே இருப்பதால் கிழமை மாறுவதற்கு வழியே இல்லை. இரண்டும் வியாழக்கிழமைகள். கிழமையை வைத்துச் சரிபார்த்தது நல்ல யோசனை என்றாலும், இந்த ஒரு பிழையை மட்டும் அது பிடிக்காது. ஆண்டு 2010க்கு முற்பட்டதாக இருக்கும் வரிகளுக்கு மட்டும் 7168 நாளைக் கூட்டுங்கள். எல்லாவற்றுக்கும் கூட்டிவிட்டால் பழைய நல்ல கோப்புகள் 2040களுக்குப் போய்விடும்.

மூன்றாவது சிக்கல், கோப்பில் உள்ள நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்பதை நீங்கள் கவனிக்காததால் வந்தது. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது அது. நமக்கு விடிகாலை 5.30 ஆகும்போதுதான் யூடிசியில் நள்ளிரவு கடந்து தேதி மாறுகிறது. நீங்கள் முதல் ஆர்எம்சி வரியின் தேதியையே கோப்பு முழுவதற்கும் போட்டதால், 5.30க்குப் பிந்திய புள்ளிகள் 24 மணி நேரம் பின்னுக்குப் போயின. ஒவ்வொரு ஜிஜிஏ வரிக்கும், அதே நேரத்தைக் கொண்ட ஆர்எம்சி வரியைச் சேர்த்துக்கொண்டு, அதன் தேதியை எடுக்க வேண்டும். தரவுத்தளத்தில் யூடிசியாகவே சேமியுங்கள். ஐந்தரை மணி நேரத்தைக் காட்டும்போது மட்டும் கூட்டுங்கள். எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி வகை கிடையாது என்பதால், 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளை முழு எண்ணாகச் சேமிப்பது வசதி.

இவை எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது ஒன்று. எக்செல்லை இந்த வழியிலிருந்து எடுத்துவிடுங்கள். 020605 என்ற தேதியை அது 20605 ஆக்கும். முன்னால் உள்ள சுழியங்களைத் தின்றுவிடும். மூல வரி எப்படி இருந்தது என்று பிறகு நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதற்குப் பதில், கோப்பின் பெயர், வரி எண், வரியின் முழு உரை என்று மூன்றே பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றை உருவாக்கி, மெமரி கார்டில் உள்ளது உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் ஏற்றுங்கள். அதிலிருந்து கணக்கிட்டு இரண்டாவது அட்டவணையை நிரப்பட்டும் நிரல். நாளை இன்னொரு பிழை தெரியவந்தால், இரண்டாவது அட்டவணையை அழித்துவிட்டு மறுபடி நிரப்புவது சில நிமிட வேலை. நீங்கள் செய்த மூன்று தவறுகளையும் நானும் செய்திருக்கிறேன். மூல வரிகள் கையில் இருந்தபோது பிழைத்தேன், இல்லாதபோது ஒரு மாதத் தரவை இழந்தேன்.

ஒவ்வொரு வரியின் முடிவிலும் நட்சத்திரக் குறிக்குப் பின் இரண்டு எழுத்துகள் இருக்கும். டாலர் குறிக்கும் நட்சத்திரக் குறிக்கும் இடையிலுள்ள எழுத்துகளையெல்லாம் எக்ஸ்ஆர் (பிட்டுகளை ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0 என்று வைக்கும் கணக்கு) செய்தால் அந்த மதிப்பு வர வேண்டும். மின்சாரம் அறுந்து பாதியில் நின்ற வரிகளை இது பிடித்துவிடும். ஆர்எம்சி வரியில் நேரத்துக்கு அடுத்து ஏ என்றிருந்தால் எடுங்கள், வி என்றிருந்தால் கருவிக்கு இன்னும் இடம் பிடிபடவில்லை என்று பொருள், தள்ளிவிடுங்கள்.


மூக்கையூர் பயணி எழுதியது:

இவ்வளவு நிரல் எழுத வேண்டிய தேவை என்ன என்று எனக்குப் புரியவில்லை. ஜிபிஎஸ்பேபல் என்னும் இலவச மென்பொருள் என்எம்இஏ கோப்பை வாங்கி, வரைபட மென்பொருள்கள் படிக்கும் ஜிபிஎக்ஸ் என்னும் பாதைக் கோப்பாகத் தந்துவிடும். டிகிரி, நிமிடக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். நேரத்தை இத்தனை நாள் முன்னே தள்ளு என்று சொல்லும் வசதியும் அதில் இருக்கிறது. ஜிபிஎக்ஸ் கோப்பைக் கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள் நேரடியாகத் திறக்கும். நான் மூன்று ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன், எந்தக் குறையும் இல்லை.


கீழக்கரை நிரலர் எழுதியது:

வரைபடத்தில் பார்ப்பது மட்டும் நோக்கம் என்றால் அது போதும், நானும் அதையே சொல்லியிருப்பேன். இவருக்கு டீசல் கணக்கோடு சேர்க்க வேண்டும். அதற்கு வேகம் வேண்டும். ஆர்எம்சி வரியில் வேகம் நாட் அளவில் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்று) இருக்கிறது, 1.852ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். ஜிபிஎக்ஸ் 1.1 பதிப்பின் அடிப்படைக் கூறுகளில் வேகத்துக்கு இடமே இல்லை. மேலும் எந்த வரி ஏன் தள்ளப்பட்டது என்பதை இடையில் ஒரு மென்பொருள் தீர்மானித்துவிட்டால் நமக்குத் தெரியாமலே போய்விடும்.


தொண்டி வாசகர் எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும் சரியே. நான் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், இடத் தரவைக் கையாளும் போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் இணைப்பைச் சேர்த்து, இதே வேலையைச் செய்தவன் என்பதால் சிலவற்றைக் கூட்டிச் சொல்கிறேன். தம்பிக்கு இப்போதைக்கு எஸ்கியூலைட் தாராளமாகப் போதும். பதினாறு மணி நேரப் பயணத்தில் ஐந்து வினாடிக்கு ஒரு புள்ளி என்றால் 11,520 புள்ளிகள். 210 பயணங்களுக்கு இருபத்து நான்கு லட்சம். எஸ்கியூலைட்டுக்கு இது பெரிய சுமை அன்று. ஆனால் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகச் சேர்த்தால், ஒவ்வொன்றுக்கும் வட்டில் எழுதி முடித்தேனா என்று தரவுத்தளம் உறுதிசெய்துகொண்டே இருக்கும். இரவு முழுவதும் ஓடும். ஒரு கோப்பு முழுவதையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முறை உறுதிசெய்யும் தொகுப்புக்குள்) வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

ஒரே கோப்பை மறந்துபோய் இரண்டு முறை ஏற்றுவது எல்லாரும் செய்வது. கருவியின் பெயரும் யூடிசி நேரமும் சேர்ந்தது ஒரே ஒரு முறைதான் வரலாம் என்னும் தனித்துவக் கட்டுப்பாட்டை இரண்டாவது அட்டவணையில் வைத்து, ஏற்கெனவே இருப்பதை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் சேர்க்கும்படி கட்டளையை எழுதுங்கள். திருத்திய தேதியின் மீது இந்தக் கட்டுப்பாடு இருக்க வேண்டும், கருவி எழுதிய தேதியின் மீது அன்று.

பின்னாளில் போஸ்ட்ஜிஐஎஸ்ஸுக்குப் போனால், அங்கே புள்ளியை உருவாக்கும்போது முதலில் தீர்க்கரேகை, பிறகு அட்சரேகை. நாம் பேச்சில் சொல்வது இதற்கு நேர்மாறு. மாற்றிக் கொடுத்தால் தரவுத்தளம் முறையிடாது. உங்கள் வள்ளம் வடக்கே 79 டிகிரி, கிழக்கே 9 டிகிரியில், ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் வலை விட்டுக்கொண்டிருக்கும். என் படகு ஒரு வாரம் அங்கேதான் இருந்தது.

அட்டவணைக்கும் பத்திகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். இரண்டு தரவுத்தளங்களும் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் போஸ்ட்கிரெஸ்ஸில் பெயரின் நீளம் 63 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு எடுத்துக்கொள்ளும்; புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். ஆக 21 குறிகளுக்கு மேல் போனால் பெயரின் வால் வெட்டுப்படும். பயணப்புள்ளிகள் என்ற பெயர் 14 குறிகள்தான், தாராளமாக அடங்கும்.

ஜிஜிஏ வரியில் வரும் உயரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சில கருவிகள் கடல் மட்டத்துக்குப் பதிலாகக் கணித முறையில் வரையறுத்த பூமி நீள்கோளத்தின் பரப்பிலிருந்து உயரத்தைக் கணக்கிடுகின்றன. உலகிலேயே கடல் மட்டம் அந்தப் பரப்பிலிருந்து மிகவும் தாழ்ந்திருப்பது இலங்கைக்குத் தெற்கே உள்ள இந்தியப் பெருங்கடலில், ஏறத்தாழ 106 மீட்டர். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நாமும் இருக்கிறோம். எனவே நம் கரையில் நிற்கும் படகுக்கு அப்படிப்பட்ட கருவி கழித்தல் 90க்கும் கீழே காட்டினால், அது பிழை அன்று.

1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் பாக் நீரிணையில் வகுத்த கடல் எல்லையையும் சிலர் இதே தரவுத்தளத்தில் போட்டு வைத்துக்கொள்வது உண்டு. அந்தப் புள்ளிகள் டிகிரி, நிமிடக் கணக்கில் அச்சாகியுள்ளன. எடுத்துக்காட்டாக ஒன்று 9 டிகிரி 40.15 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 22.60 நிமிடம் கிழக்கு. அது 9.6692, 79.3767 என்று ஆக வேண்டும், 9.4015, 79.2260 என்று போட்டால் எல்லை முப்பது கிலோமீட்டருக்கு மேல் இடம் மாறிவிடும். திரும்பி வந்தபின் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்கு மட்டுமே இதை வைத்துக்கொள்ளுங்கள். கடலில் இருக்கும்போது எல்லையை நிச்சயிக்கப் படகில் உள்ள கருவி இருக்கிறது. நாம் வீட்டில் எழுதிய நிரலை நம்பி ஒருவரும் அந்தப் பக்கம் போகக் கூடாது.


பாம்பன் வடகரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மெமரி கார்டின் நகல் கையில் இருந்ததால், எக்செல் வழியாக ஏற்றியதை முழுவதும் அழித்துவிட்டு, மூல வரிகளிலிருந்து மறுபடி தொடங்கினேன். கோடு இப்போது வடகரையிலிருந்து கிளம்பி, படகில் உள்ள கருவி காட்டிய இடத்திலேயே போய் நிற்கிறது. 2005 என்றிருந்த கோப்புகள் எல்லாம் சித்தப்பாவின் நோட்டோடு பொருந்துகின்றன. இரண்டு மட்டும் பொருந்தவில்லை, அவற்றில் பிழை நோட்டில்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

பயணங்களைப் பிரிப்பதற்கு, முந்தைய புள்ளியின் நேரத்தைப் பக்கத்தில் கொண்டுவரும் விண்டோ சார்பைப் பயன்படுத்தி, அரை மணிக்கு மேல் இடைவெளி விழுந்தால் புதிய பயணம் என்று வைத்தேன். என் கணினியில் இருந்த எஸ்கியூலைட் பழையது. அந்த வசதி 3.25 பதிப்பில்தான் வந்தது என்பதால் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தூரத்தைக் கூட்டும்போது ஒரு வேடிக்கை: கரையில் கட்டிக் கிடந்த நேரத்தில்கூட வள்ளம் சில கிலோமீட்டர் ஓடியதாக வந்தது. புள்ளிகள் இரண்டு மூன்று மீட்டர் அங்குமிங்கும் ஆடுவதெல்லாம் சேர்ந்து அவ்வளவு ஆகிவிடுகிறது. வேகம் அரை நாட் அளவுக்கும் குறைந்த புள்ளிகளைத் தூரக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். வலை கிடக்கும்போது நீரோட்டத்தில் இழுபடுவது இதில் ஓரளவு விடுபடும், ஆனால் டீசல் கணக்குக்கு அது தேவையில்லை.

சித்தப்பாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். டீசலைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கோடு மெதுவாகி முடிச்சுப் போட்டதுபோலத் தெரிந்த இரண்டு இடங்களை விரலால் மறைத்து, இதை வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். அவை அவருடைய அப்பா காலத்திலிருந்து கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் அடையாளம் வைத்துப் போகும் பார்கள், அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டுகள். எஸ்கியூலைட் கோப்புக்குக் கடவுச்சொல் போட முடியுமா?


கீழக்கரை நிரலர் எழுதியது:

வழக்கமான எஸ்கியூலைட்டில் அந்த வசதி இல்லை. கோப்பு யார் கையில் கிடைத்தாலும் திறந்து பார்க்கலாம். கணினியின் வட்டையே குறியாக்கம் செய்து, கோப்பை அதில் வையுங்கள். மெமரி கார்டின் நகலும் அதற்குள்ளேயே இருக்கட்டும், ஏனென்றால் மூல வரிகளிலும் அதே இரண்டு இடங்கள் இருக்கின்றன. பயணப் பாதைகளைப் பகிரும் இணையத் தளங்களில் ஏற்ற வேண்டாம். உதவி கேட்டு யாருக்காவது மாதிரிக் கோப்பு அனுப்ப நேர்ந்தால், கரையை விட்டுக் கிளம்பிய முதல் பத்து நிமிட வரிகளை மட்டும் வெட்டி அனுப்புங்கள்.